பகல் முழுக்க சீட்டில் இருந்தும் வேலை நடப்பது 6 மணிக்கு மேல்தான். இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

கணக்குநோட்டு
ஆகஸ்ட் 22, இரவு 10:05

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. எண்பது பேர் வேலை செய்யும் இடம். அக்கவுன்ட்ஸில் நானும் ஒரு உதவியாளர் பெண்ணும்தான். வீடு திருநின்றவூரில். காலையில் லோக்கல் பிடித்து பட்டரவாக்கத்தில் இறங்கி 9:15க்கு சீட்டில் இருப்பேன். மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருடமாக 8, 8:30க்கு முன்னால் கிளம்பியதாக நினைவில்லை.

வேலை கூடிவிட்டது, அதனால்தான் தாமதம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு நாள் கணக்கெடுத்துப் பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், என் வேலை பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டுக் கட்டாக. 6 மணிக்கு எண்ணினால் 61. அதில் 22 கோடு வேறு யாராலும் வந்ததில்லை. நானே போனை எடுத்துப் பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை, ஒரு சத்தமும் வரவில்லை, கை தானாகப் போகிறது.

வாட்ஸ்அப்பில் கம்பெனி குரூப் மட்டும் ஏழு. டெஸ்பாட்ச், பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், கஸ்டமர் பேமென்ட், ஆடிட்டர் ஆபீஸ், ஸ்டாஃப், அப்புறம் எம்.டி. சார் வைத்திருக்கும் ‘அர்ஜென்ட்’. எல்லாவற்றையும் மியூட்டில் போட்டுவிடு என்று என் தம்பி சொல்கிறான். முடியாது. கேட்டில் லாரி நிற்கும். நான் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு, போட்டால்தான் வண்டி நகரும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல், வெளிமாநிலத்துக்கு என்றால் 50,000க்கு மேல் சரக்கு போனால் அது இல்லாமல் அனுப்ப முடியாது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து வண்டி. டிரைவர் வெயிலில் நிற்கும்போது அரை மணி கழித்து வாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

மாதத்தில் 7ஆம் தேதி டிடிஎஸ், 11 விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. 14ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியல், வரும். அதை எங்கள் பர்ச்சேஸ் பதிவோடு பில் பில்லாக ஒத்துப் பார்த்து 20க்குள் 3பி, அதாவது அந்த மாத ஜிஎஸ்டியைக் கட்டும் ரிட்டர்ன், போட வேண்டும். இந்த ஆறு நாள் வேலைக்குத்தான் தலை முழுதாக வேண்டும். அதை நான் செய்வது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பசியோடு.

ஜூலை 20 இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பில், 48,000 ரூபாய், 18 சதவீதம் வரி 8,640. எங்கள் பதிவில் 6,840 என்று இருந்தது. 1,800 இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் தேடி அந்த பில்லைக் கையில் எடுத்தேன். அதன் ஓரத்தில் பென்சிலில் ஒரு லாரி நம்பர், என் கையெழுத்து. அதைப் பதியும்போது யாரோ வந்து நின்றிருக்கிறார்கள், கையில் இருந்த காகிதத்திலேயே வண்டி நம்பரை எழுதிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம் ஒரே பில்லுக்கு ஒரு சப்ளையருக்கு இரண்டு முறை 68,400 அனுப்பிவிட்டேன். அவர் நல்ல மனிதர், மறுநாளே திருப்பி அனுப்பினார். எம்.டி. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. கணக்கில் தப்பு வராது என்பதுதான் பதினோரு வருடமாக என் பெயர்.

செய்து பார்த்தவை: காலை 5 மணிக்கு எழுந்தால் எல்லாம் மாறும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையனும் மாமியாரும் உள்ள வீடு, நான் எழுவதே 4:45க்கு. 25 நிமிட டைமர் வைக்கும் முறையும் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தில் ஆள் வந்துவிடும். ‘21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்றார்கள். மூன்று முறை தொடங்கினேன். 9ஆம் நாள், 6ஆம் நாள், 12ஆம் நாள் விட்டுப்போனது. ஒருநாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று நிறுத்திவிட்டேன்.

என்னைப் போல் ஆட்கள் நடுவே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் யாராவது இதை மாற்றியிருக்கிறீர்களா? எப்படி?

ஓஎம்ஆர்_டெஸ்டர்
ஆகஸ்ட் 22, இரவு 11:40

அக்கா, முதலில் அந்த 21 நாளைத் தூக்கிப் போடுங்கள். அது ஆராய்ச்சியில் வந்த எண்ணே இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று கவனித்தார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் மிஞ்சியது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கங்கள்தான். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நம் ஊரில் மருந்துக்கு ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள், அதைவிடவும் நீளம். உங்களுக்கு வேண்டியது இதற்கு அடுத்த விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவது கெட்டுப்போகவில்லை. 9ஆம் நாள் விட்டதும் 10ஆம் நாள் செய்திருந்தால் போதும். நீங்கள் மூன்று முறை தோற்கவில்லை, மூன்று முறை சீக்கிரம் நிறுத்தியிருக்கிறீர்கள்.

61 கோட்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். 22 உங்களுடையது, 39 மற்றவர்களுடையது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் 22க்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வீட்டிலிருந்து வேலை தொடங்கியபோது எனக்கும் கை தானாகப் போனை எடுக்க ஆரம்பித்தது. சோழிங்கநல்லூர் ஆபீசுக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. ஆப்பை அழித்தேன், மறுபடி போட்டேன், எதுவும் நிற்கவில்லை. நின்றது எப்போது என்றால், போனை மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் இருக்கும் ஷெல்ஃபில் வைத்த பிறகு. எழுந்து நான்கு அடி நடக்க வேண்டும். அந்த நான்கு அடியில் ‘எதற்கு எடுக்கப் போகிறேன்’ என்று தோன்றிவிடும். ரிங் சத்தம் முழுதாக வைத்திருப்பேன், அழைப்பு வந்தால் கேட்கும். மெசேஜ் சத்தம் மட்டும் கிடையாது.

39க்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் டீமில் காலண்டரில் நேரத்தை அடைத்து வைத்தால் மதிப்பார்கள். உங்கள் கேட்டில் நிற்கும் லாரி காலண்டர் பார்க்காது.

பாரிமுனை_ஓய்வு
ஆகஸ்ட் 23, காலை 6:20

அம்மா, உங்கள் பதிவை நேற்று இரவு படித்துவிட்டு இன்று காலை நடையின்போதும் அதே நினைவு. நான் 1983இல் பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம்.

முதலில் ஒரு சின்ன விஷயம், உடனே உதவும். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 1,800ஐ 9ஆல் வகுத்தால் 200. நூற்றுக்கணக்கில் வருகிறது என்றால் ஆயிரம், நூறு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 200 என்பதால் அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே 2 வித்தியாசம். 8, 6. அப்படித் தேடியிருந்தால் ஐந்து நிமிடம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஹெட் கிளார்க். இன்று யாரும் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது உங்கள் கேள்வி. அன்று பொதுமக்களுக்கு கவுன்டர் காலை 10 முதல் 2 வரை. செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று தருவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். செக் லெட்ஜருக்குப் போய், ஆபீசர் பாஸ் செய்து, கேஷியருக்கு வந்ததும் நம்பர் கூப்பிடுவார். அந்த நான்கு மணி நேரம் ஒரே சத்தம், யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. 2 மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். அப்புறம்தான் எங்கள் நிஜ வேலை. வவுச்சர்களை அடுக்கி, டே புக் எழுதி, டோட்டல் போட்டு டாலி செய்ய வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் வாசலில் வந்து யார் கூப்பிட்டாலும் ‘கவுன்டர் மூடியாச்சு, நாளைக்கு வாங்க’ என்று பியூன் சொல்லிவிடுவார். யாருக்கும் கோபம் வராது. ஏனென்றால் நேரம் வெளியே போர்டில் எழுதியிருக்கும்.

உங்களுக்கு ஷட்டர் இல்லை. அதனால் 6 மணிக்கு எல்லோரும் போன பிறகுதான் உங்கள் ஷட்டர் இறங்குகிறது. அதைப் பகலுக்குள் கொண்டுவர வேண்டும். ஒன்றரை மணி நேரம் போதும். தினமும் ஒரே நேரம், எல்லோருக்கும் தெரிந்த நேரம்.

முதலாளியிடம் பேசும்போது ‘என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற தொனியே வேண்டாம். அவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். 3பியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகை 20ஆம் தேதி இரவுக்குப் பதில் 18ஆம் தேதி அவர் கையில் இருக்கும், பணத்துக்கு ஏற்பாடு செய்ய இரண்டு நாள் கிடைக்கும். தாமதமானால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்பது அவருக்கும் தெரியும். எந்த முதலாளியும் இதற்குக் காது கொடுப்பார்.

வில்லிவாக்கம்வாசி
ஆகஸ்ட் 23, காலை 9:02

எனக்கும் இதே கதைதான், ஸ்டோர்ஸில். பதில்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்
ஆகஸ்ட் 23, இரவு 11:15

மேடம், நானும் அம்பத்தூர் எஸ்டேட்தான். சிஎன்சி ஷாப்பில், அதாவது கம்ப்யூட்டர் மூலம் ஓடும் மெஷின்கள் உள்ள இடத்தில், செகண்ட் ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் வந்தேன்.

எங்கள் லேத்தில் ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப் ஏற்ற வேண்டும் என்றால் சக்கில் ஜா மாற்றி, டூல் மாற்றி, ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸ் ஓட்டி, குவாலிட்டியில் அளந்து ஓகே வாங்க வேண்டும். 50 நிமிடம் ஆகும். ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். நான்கு முறை ஜாப் மாற்றினால் 200 நிமிடம் செட்டிங்கிலேயே போய்விடும். அன்று மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது போலத் தெரியும், ஆனால் கூடையில் பீஸ் இருக்காது. உங்கள் 61 கோட்டைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் ஒரு நாளைக்கு 61 முறை ஜாப் மாற்றுகிறீர்கள். மெஷினுக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டோம்.

இதற்கு எங்கள் பக்கம் இரண்டு வழி. ஒன்று, ஒரே மாதிரி ஜாப்களைச் சேர்த்து ஓட்டுவது. இரண்டாவது, செட்டிங் நேரத்தையே குறைப்பது. ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் டொயோட்டாவில் ஒரு பெரிய பிரஸ்ஸின் டை, அதாவது அச்சு, மாற்ற நான்கு மணி நேரம் ஆனதை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மந்திரம் இல்லை. மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலையையும், மெஷின் ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலையையும் பிரித்தார். போல்ட், டூல், அடுத்த டை எல்லாம் மெஷின் ஓடும்போதே பக்கத்தில் வந்து நிற்கும். நின்ற பிறகு தேடிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

உங்களுக்கு இதைச் சொன்னால்: 2பியை ஒத்துப் பார்க்க உட்காருவதற்கு முன்பே, முந்தைய நாள் மாலை, யாராவது பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே, பர்ச்சேஸ் ஃபைல், எந்த சப்ளையரில் நிறுத்தினீர்கள் என்ற குறிப்பு, போன் செய்ய வேண்டியவர்களின் பட்டியல் எல்லாம் மேசையில் தயாராக இருக்கட்டும். அப்புறம் எழுந்து போக வேண்டி வந்தால், எழுவதற்கு முன்னால் எந்த பில்லில் நிற்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள். நாங்கள் ஷிஃப்ட் மாற்றும்போது லாக் புக்கில் எழுதுகிறோமே, அது மாதிரி. அடுத்த ஆளுக்கு என்று நினைத்து எழுதுவோம். உங்களுக்கு அடுத்த ஆள் நீங்களேதான்.

லாரி விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. இ-வே பில் தளத்தில் சப் யூசர் உருவாக்கலாம். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதில்லை. டெஸ்பாட்சில் இருக்கும் ஒருவருக்குத் தனி லாகின் போட்டு, இ-வே பில் போடும் அனுமதி மட்டும் கொடுங்கள். எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் தம்பிதான் போடுகிறார். பிளஸ் டூ படித்தவர், இரண்டு நாளில் பழகிவிட்டார். இத்தனை வருடமாக நீங்களே போட்டதால் அது உங்கள் வேலை என்று எல்லோரும், நீங்களும், நினைத்துவிட்டீர்கள்.

கணக்குநோட்டு
ஆகஸ்ட் 24, மதியம் 2:30

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை பழைய வேலைத்தாள்களை எடுத்து உங்கள் 9 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்பு நான் மணிக்கணக்கில் தேடிய இரண்டு வித்தியாசம் அப்படியே வகுபடுகிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் சார், சப் யூசர் இருப்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. இத்தனை வருடம் அந்தத் திரையைத் தினமும் பார்க்கிறேன். நாளை எம்.டி. சாரிடம் பேசுகிறேன்.

கணக்குநோட்டு
அக்டோபர் 13, இரவு 9:10

நாளைக்கு ஏழு வாரம். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

எம்.டி. சாரிடம் ஐயா சொன்னபடியே பேசினேன். 18ஆம் தேதி தொகை கையில் இருக்கும் என்றதும் ‘எவ்வளவு நேரம் வேணும்மா?’ என்று மட்டும் கேட்டார். 10:15 முதல் 11:45 வரை என்றேன். அவரே எல்லா குரூப்பிலும் போட்டார்: அந்த நேரத்தில் அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் மெசேஜ், 11:45க்கு மேல் பதில் வரும். முதல் வாரம் ஐந்து போன் வந்தது. இரண்டுதான் காத்திருக்க முடியாதது. மூன்றாவது வாரம் அவரே ஒருமுறை கூப்பிட்டு, ஒரு நொடி நிறுத்தி, ‘சரி, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

டெஸ்பாட்ச் தம்பிக்கு லாகின் போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் நாளே வண்டி நம்பரில் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் போட்டுவிட்டுப் பயந்து ஓடிவந்தார். பார்ட் பியில் வண்டி நம்பரை மாற்றிப் போட வழி இருக்கிறது என்று காட்டினேன். அதன் பிறகு அவர் என்னைத் தேடவில்லை. போன் இப்போது காலண்டருக்குக் கீழே அலமாரியில். பில் ஓரத்தில் லாரி நம்பர் எழுதுவது நின்றுவிட்டது. எழுந்து போகும் முன் ஒரு வரி எழுத ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18 மாலை 4 மணிக்கு 3பி போட்டு முடித்தேன். ஆறு மணி வாக்கில் திருவள்ளூர் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போனபோது பையன் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ‘ஏம்மா, உடம்பு சரியில்லையா?’ என்றான்.

ஆயுத பூஜை வாரத்தில் எல்லாம் கலைந்தது. நான்கு நாள் பழைய மாதிரியே போனது. இந்த முறை நிறுத்தவில்லை, ஐந்தாம் நாள் 10:15க்கு உட்கார்ந்தேன். ஓஎம்ஆர் தம்பி, உங்களுக்குத்தான் நன்றி.

ஆனால் ஒன்றை நான் கவனிக்கவில்லை. போன வாரம் மறுபடியும் கோடு போட்டேன். 34. என்னுடையது ஆறு. சந்தோஷமாக உதவியாளர் பெண்ணிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் மேசை டிராயரிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். என்னைப் பார்த்து அவளும் போட்டிருக்கிறாள். 47 கோடு. அதில் 20க்கு மேல் 10:15க்கும் 11:45க்கும் நடுவே. என்னிடம் வர வேண்டியவர்கள் எல்லோரும் அவள் மேசைக்குப் போயிருக்கிறார்கள். ஏழு வாரமாக ஒரு வார்த்தை சொல்லாமல் பேங்க் ரீகன்சிலியேஷனை, அதாவது பேங்க் கணக்கோடு எங்கள் கணக்கை ஒத்துப் பார்க்கும் வேலையை, வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்திருக்கிறாள். இருபத்துமூன்று வயது. எனக்கு நடந்ததையே நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்.

இன்றிலிருந்து 3 முதல் 4:30 வரை அவளுக்கு. அந்த நேரத்தில் யார் வந்தாலும் என் மேசை, அவள் எக்ஸ்டென்ஷனும் என் பக்கம். எம்.டி. சாரிடம் கேட்கவில்லை, சொன்னேன். இன்று முதல் நாள் என்பதால் ஸ்டோர்ஸிலிருந்து வந்தவர் பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார். நான் எழுந்து போய் அவர் கையில் இருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

நாளை 14. 2பி வந்துவிடும். பர்ச்சேஸ் ஃபைலை மாலையே எடுத்து மேசையின் இடது பக்கம் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.